அடுத்த கேள்வி

என் அண்ணி தேற வேண்டியிருந்தது ஒரு சின்னப் பரீட்சையில். எழுதக்கூட வேண்டாம், பேசினால் போதும். உன் பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், உனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்பார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அதில் தேறினால்தான் அண்ணியும் அவள் மகள் குட்டியும் வெளிநாட்டில் இருக்கிற என் அண்ணனிடம் போய்ச் சேர முடியும். குட்டி தவழ்வதற்குள் அண்ணன் விமானம் ஏறிவிட்டான். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா என்றால் அவளுக்கு ஃபோன்தான். ஒருநாள் ஃபோன் கை தவறி விழுந்து கண்ணாடி கீறிவிட்டது. "அப்பாவுக்கு அடிபட்டுடுச்சு" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு அண்ணி சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

முதல் தடவை அண்ணி தவறினாள். அதற்குக் காரணம் நான். நான் ஒன்றும் செய்துவிடவில்லை, இந்த வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான்.

"யாரோடு வசிக்கிறீர்கள்?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அண்ணிக்குப் பொய் வராது. மாமனார், மகள், கணவரின் தங்கை என்று திக்கித் திணறி எல்லோரையும் சொல்லிவிட்டாள். பரீட்சை நடத்திய அம்மா சிரித்த முகத்தோடு, பேச்சுவாக்கில் கேட்பதுபோல அடுத்த கேள்வியைப் போட்டாராம். "இஸ் ஷி மேரிட்?" அதாவது, என்னைப் பற்றி. எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று.

ஆகிவிட்டது. கை நீட்டுகிற மனுஷனோடு இனிமேல் காலம் தள்ள முடியாது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தவள் நான். கோர்ட்டில் வழக்கு இழுத்துக்கொண்டே கிடக்கிறது. இதற்கு ஆமாம் என்பதா, இல்லை என்பதா? அண்ணி "யெஸ்" என்றாளாம். உடனே "நோ" என்றாளாம். அந்த அம்மாவின் புருவம் உயர்ந்ததைப் பார்த்துவிட்டு மறுபடியும் "யெஸ்" என்றாளாம். அப்புறம் அழுதுவிட்டாள். அழுகைக்கு எந்தப் பரீட்சையில் மார்க் போடுகிறார்கள்?

அண்ணி இங்கிலிஷ் படித்தது ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில். சொல்லிக்கொடுக்கிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். தோற்றுவிட்டு வந்த வாரம் நானும் அண்ணியோடு போனேன். அவளைத் தனியாக அனுப்பினால் திட்டு வாங்கிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு வருவாள் என்று தெரியும்.

மாஸ்டர் திட்டவில்லை. பென்சிலைக் காதில் இருந்து எடுத்தார். "நீ நிஜம் சொல்றியா பொய் சொல்றியான்னு அங்க யாரும் பார்க்கப் போறதில்லம்மா. இங்கிலிஷ்ல சொல்றியான்னுதான் பார்ப்பாங்க. ஒரு பதில் சொல்றதுக்கு முன்னாடி, இதுலேருந்து அடுத்த கேள்வி என்ன வரும்னு யோசி. அந்த அடுத்த கேள்விக்கு உன்கிட்ட பதில் இல்லேன்னா, இந்தப் பதிலையும் சொல்லாதே. புரியுதா?"

அப்படிச் சொல்லிவிட்டு எங்கள் குடும்பத்தைத் திருத்த ஆரம்பித்தார். என் அப்பா ஒரு கிடங்கில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "வாட்ச்மேன்னா எந்த இடம், பகலா ராத்திரியான்னு கேப்பாங்க. டீச்சர்னு போடு. டீச்சர்னா யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. மாமனார்ங்கறதும் வேணாம், அந்த வார்த்தை உனக்கு வாயில நுழையல. அப்பான்னே சொல்லிடு." பொழுதுபோக்கு என்ன என்றார். நேரம் கிடைத்தால் தூங்குவேன் என்றாள் அண்ணி. மாஸ்டர் புத்தகம் படிப்பது என்று மாற்றினார்.

அதற்கப்புறம் பென்சில் நின்றுவிட்டது. மாஸ்டர் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பென்சிலைப் பார்த்தார்.

"எதுக்கு மென்னு முழுங்கறீங்க?" என்றேன். "என்னைத் தூக்கிடுங்க. தொல்லை விட்டுது."

"ஐயோ, வக்கீலு!" என்று அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். எங்கள் வீட்டில் எனக்கு அதுதான் பேர். எதற்கெடுத்தாலும் வாதாடுவேன் என்று சின்ன வயதிலேயே அப்பா வைத்தது. அன்றைக்கு நான் யாருக்காகவும் வாதாடவில்லை. தலைவலிக்கு மாத்திரை வாங்குவதுபோல ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டேன். அண்ணன் மகளுக்கு அப்பா வேண்டும். அதற்கு நான் ஒரு வாக்கியத்தில் இல்லாமல் போனால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

நான் ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் விட்டு எடுத்து மடிக்கிற பிரிவு. விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று, நுனியைப் பிடித்து, இருவரும் ஒரே நேரத்தில் நடந்து வந்து கையைச் சேர்க்க வேண்டும். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் வெந்துபோன விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அண்ணிக்கு எதிரே உட்காருவேன். மாஸ்டர் கொடுத்த கேள்வித்தாள் என் கையில். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குரலைக் கனமாக்கிக்கொண்டு, பரீட்சை அதிகாரி ஆகிவிடுவேன். பள்ளிப்படிப்பு எனக்குப் பாதியில் நிற்கவில்லை. அதனால் வாசித்துக் கேட்கிற அளவுக்கு இங்கிலிஷ் ஓடியது.

அண்ணி பாவம், விழுந்து விழுந்து படித்தாள். பாத்திரம் கழுவும்போது எதிர்ச்சொல். ஹாட் என்றால் கோல்ட், கிளீன் என்றால் டர்ட்டி. காய் நறுக்கும்போது காய்கறிப் பேர். மாடிப்படி ஏறும்போது கிழமைகள், இறங்கும்போது மாதங்கள். குளியலறைக் கதவுக்கு உள்ளேயிருந்து "ஐ ஆம், யூ ஆர், ஹி இஸ்" என்று கேட்கும். ஆனால் அவன், அவள் என்று வருகிற இடத்தில் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்க்க வேண்டும், அது மட்டும் அவளுக்கு எவ்வளவு சொல்லியும் பிடிபடவில்லை. "ஷி லிவ்" என்பாள்.

"அந்த ஸ் எங்க போச்சு அண்ணி? டீயில கலந்து குடிச்சிட்டீங்களா?"

"இருக்கறதே நாலு வார்த்தை. அதுக்கு வால் வேறயா?" என்பாள்.

அப்பாவுக்கோ ஏக குஷி. வாழ்நாளெல்லாம் கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மனிதர் திடீரென்று வாத்தியார் ஆகிவிட்டாரல்லவா. பயிற்சி நேரத்தில் நன்றாகத் தலை வாரிக்கொண்டு வந்து உட்காருவார். "மை ஃபாதர் இஸ் எ டீச்சர்" என்று அண்ணி சொல்லும்போது, என்னவோ மேடையில் பொன்னாடை போர்த்தியதுபோல நெஞ்சை நிமிர்த்துவார். எல்லோருக்கும் பதவி உயர்வு கிடைத்தது. என்னை மட்டும் வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள்.

"ஹூ டு யூ லிவ் வித்?" என்று நான் கேட்பேன்.

"ஐ லிவ் வித் மை ஃபாதர் அண்ட் மை டாட்டர்" என்பாள் அண்ணி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

முதல் நாள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டாம் நாள் புன்னகை. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. கேள்வியைக் கேட்பது நான், பதிலில் நான் இல்லை, இல்லாததற்கு "வெரி குட்" போடுவதும் நான். மனசில் சுருக்கென்று ஏதோ தைக்கும். சே, பரீட்சைக்கு என்று தெரிந்தும் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று என்னையே திட்டிக்கொள்வேன். மறுநாள் சலவைக்கூடத்தில் எதிரே நிற்கிறவளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவேன்.

ஒரு விடுமுறை நாளில் அண்ணன் ஃபோனில் வந்தான். நான் குட்டிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கையால் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, அம்மா படிப்பதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தானும் இங்கிலிஷ் கற்றுக்கொண்டதாகப் பீற்றிக்கொண்டாள்.

"அப்படியா? எங்கே, வீட்டில யாரெல்லாம் இருக்கீங்க, இங்கிலிஷ்ல சொல்லு பார்ப்போம்" என்றான் அண்ணன்.

"மை கிராண்ட்ஃபாதர், மை மதர், அண்ட் மீ!"

அண்ணன் அந்தப் பக்கம் கைதட்டினான். அப்பா இந்தப் பக்கம் கைதட்டினார். குட்டியின் பின்னல் என் கையில் இருந்தது. யாரோ விட்டுப்போனதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பின்னலை முடித்து ரிப்பன் கட்டி அவளை அனுப்பிவிட்டு, சீப்பைச் சுவரில் விட்டெறிந்தேன். அது இரண்டாக உடைந்தது.

அண்ணி ஓடிவந்தாள். "என்ன வக்கீலு?"

"நான் இந்த வீட்ல யாரு? கதவா, ஜன்னலா?"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போனது. "நீதானே தூக்கச் சொன்னே..."

"சொன்னேன். இவ்வளவு சுலபமா தூக்குவீங்கன்னு நினைக்கல."

அண்ணி குனிந்து சீப்புத் துண்டுகளைப் பொறுக்கினாள். அன்று சாயந்திரமும் நாங்கள் பயிற்சி செய்தோம். அந்தக் கேள்வியை மட்டும் நான் தாண்டிப்போனேன். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. என் ரோஷத்துக்கு அது காத்திருக்காது.

பரீட்சை நாளன்று லீவு போட்டுவிட்டு அண்ணியோடு போனேன். உள்ளே விடமாட்டார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிற்குமிடத்தில் உட்கார்ந்துகொண்டேன். பரீட்சைக்குப் போனவள் அவள், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்தது எனக்கு. அவளுக்கு முன்னால் உள்ளே போன பெண் இன்னும் வெளியே வரவில்லை, அதற்குள் அண்ணி வந்துவிட்டாள். பேயறைந்த மாதிரி இருந்தாள். வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் தெருவைக் கடந்தாள்.

"என்ன ஆச்சு?"

"எல்லாம் நல்லாத்தான் போச்சு" என்றாள். "பேர் கேட்டாங்க, சொன்னேன். ஊர் கேட்டாங்க, சொன்னேன். யாரோட இருக்கேன்னு கேட்டாங்க. அப்பா, மகள்னு மாஸ்டர் சொன்ன மாதிரியே சொன்னேன். அந்தம்மாவுக்கு சந்தோஷம். நல்லா பேசறீங்களே, வீட்டில உங்களுக்கு இங்கிலிஷ் யாரு சொல்லித் தர்றாங்கன்னு கேட்டுட்டாங்க."

அந்தக் கேள்வி தாளில் இல்லை. மாஸ்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"அப்பான்னு சொல்லியிருக்கலாமே அண்ணி! அவர்தான் டீச்சராச்சே! கையில வெண்ணெய் மாதிரி இருந்துச்சே பதில்!"

"தோணுச்சு."

"பின்னே?"

"நாக்கு வரைக்கும் வந்துச்சு, வக்கீலு. ஆனா தினமும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எதிர்ல உட்கார்றது நீ. கை வெந்து போய் வந்து உட்கார்றது நீ. அதைப் போய் வேற ஒருத்தர் செஞ்சதா எப்படிச் சொல்றது? மை சிஸ்டர்னு சொல்லிட்டேன்."

"சரி. அதோட விட்டாங்களா?"

"உங்க சிஸ்டர் பக்கத்தில இருக்காங்களான்னு கேட்டாங்க. என் வீட்லதான்னு சொன்னேன். அப்போ வீட்டில நாலு பேரான்னு விரலைக் காட்டி சிரிச்சாங்க. பொய் சொன்னதைக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு நினைச்சேன். விசா ஃபைல்ல எழுதிடுவாங்கன்னு பயம் வந்துடுச்சு. சாரி சாரின்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். பின்னாடியே கூப்பிட்டாங்க. நான் திரும்பிப் பார்க்கல."

அந்த அம்மா எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டார். ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில், அவ்வளவுதான் அவருக்கு. உட்கார்ந்து "யெஸ், ஃபோர்" என்றிருந்தால்கூடத் தேறியிருப்பாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தெருவோரத்தில் நின்று, என்னை விட்டுக்கொடுக்க முடியாமல் பரீட்சையைக் கோட்டைவிட்டு வந்திருக்கிறவளை என்னவென்று திட்டுவது? எனக்கு உச்சி குளிர்ந்தது. அதே நேரத்தில் குட்டியை நினைத்து வயிறு எரிந்தது. இரண்டு தடவையும் நானேதான் குறுக்கே நின்றிருக்கிறேன்.

முடிவு வந்தது. எதிர்பார்த்ததுதான். அன்று அண்ணன் ஃபோனில் பேசியபோது அவன் குரலே வேறாக இருந்தது.

"எந்தக் கேள்வியில விட்டே?"

"ஞாபகமில்லைங்க" என்றாள் அண்ணி.

"ஞாபகமில்லையா? எழுந்து ஓடிட்டியாமே, மாஸ்டர் சொல்றார். சின்னப் பிள்ளைகூடச் சொல்லுது, உனக்கு என்ன? இந்த வருஷம் முடிஞ்சா, உங்களைக் கூட்டிக்கக் கம்பெனி குடுத்த பெர்மிட்டும் போயிடும். அப்புறம் குட்டி கல்யாணத்துக்குத்தான் நான் அவளைப் பார்க்கணும்."

நான் ஃபோனைப் பிடுங்கப் போனேன். அண்ணி மேஜைக்கு அடியில் என் கையைக் கிள்ளினாள், வலிக்கிற மாதிரி. "பயந்துட்டேங்க. என் தப்புதான்" என்றாள். என்னை மறுபடியும் பதிலில் இருந்து எடுத்துவிட்டாள். இந்தத் தடவை எனக்காக எடுத்தாள். அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல் வந்த பிரியத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வருஷம் முடிவதற்குள் பாக்கி இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. மறுபடியும் எதிரெதிரே உட்கார்ந்தோம். வக்கீல் மூளையைக் கசக்கி நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். "என்னைத் தூக்க வேணாம் அண்ணி. சிஸ்டர் இருக்கா, வேற வீட்டில இருக்கான்னு சொல்லுங்க. வேற வீட்டில இருக்கிறவளைப் பத்தி யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அண்ணி முயன்றாள். "மை சிஸ்டர் ஹெல்ப்... ஷி லிவ்..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தாள். வார்த்தை நின்றது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"என்னால முடியல. இங்க உட்கார்ந்து என்கூட டீ குடிக்கிறே. உன்னைப் பார்த்துக்கிட்டே அவ வேற வீட்டில இருக்கான்னு எப்படிச் சொல்றது? அங்க போய் நான் மறுபடியும் உளறுவேன். எனக்குத் தெரியும் வக்கீலு, உளறுவேன்."

எனக்கும் தெரியும். அண்ணியின் வாயைத் திருத்த முடியாது. அவள் வாய்க்கு ஏற்ற மாதிரி வீட்டைத் திருத்தலாம்.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் பெண்களுக்கு அறைகள் உண்டு. தூரத்தில் இருந்து வருகிறவர்கள் தங்குவார்கள். வந்து தங்கினால் காலை ஷிஃப்டுக்கு வசதி என்று மேற்பார்வை பார்க்கும் அக்கா என்னிடம் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டில் ஒன்று காலியாக இருந்தது. நான் பெட்டியை எடுத்தேன். புருஷன் வீட்டில் இருந்து தூக்கிக்கொண்டு வந்த அதே பெட்டி.

அண்ணி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அழுதாள், திட்டினாள், பரீட்சையே வேண்டாம் என்றாள். "உங்களுக்கு வேணாம்னா விடுங்க. குட்டிக்கு வேணும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் வழியை விட்டாள். என் துணிகளை அவளே மடித்து வைத்தாள்.

அப்பா தலை வாரிக்கொள்ளவில்லை. "அடுத்த கேள்வி வரக்கூடாதுன்னு ஆளையே வீட்டை விட்டு அனுப்பறதா? இதென்னடி படிப்பு?" என்றார்.

"வாத்தியார் இப்படிப் பேசலாமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அவங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் வந்துடுவேன்ப்பா. வீடு எங்க ஓடிடப் போகுது?"

குட்டி வாசல்வரை வந்தாள். பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "அத்தை, நீ பரீட்சைக்காகப் போறியா, நிஜமா போறியா?"

யாரிடமும் தோற்காத நான் அந்தக் கேள்வியில் தோற்றேன். "நல்லா படி" என்று ஏதோ சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அறையில் என்னோடு இன்னும் மூன்று பேர். ஜன்னலைத் திறந்தால் சலவைக்கூடத்தின் நீராவி உள்ளே வருகிறது, துணியெல்லாம் பிசுபிசுக்கிறது. வேலை முடிந்ததும் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து அண்ணியை ஃபோனில் கூப்பிட்டேன். கேள்வித்தாளை நான் கொண்டுவரவில்லை. எனக்கு எல்லாம் மனப்பாடம். கண்ணாடியும் அப்பாவிடமே இருந்தது. ஆனாலும் குரலைக் கனமாக்கிக்கொண்டேன். பேர் கேட்டேன், ஊர் கேட்டேன், பிடித்த நிறம் கேட்டேன்.

"ஹூ டு யூ லிவ் வித்?"

அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது. "ஐ லிவ் வித் மை ஃபாதர் அண்ட் மை டாட்டர்" என்றாள் அண்ணி. தடுமாறவில்லை.

"வெரி குட். ஹூ ஹெல்ப்ஸ் யூ அட் ஹோம் வித் யுவர் இங்கிலிஷ்?"

"மை சிஸ்டர்" என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஷி லிவ்ஸ் இன் அனதர் ஹவுஸ்."

லிவ்ஸ் என்றாள். அந்த ஸ் சரியான இடத்தில், தெளிவாக, வந்து உட்கார்ந்தது. நான் "வெரி குட்" சொல்ல வேண்டும். அண்ணி காத்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த கேள்வியைத் தேடினேன். மாஸ்டர் சொன்னது சரிதான், அந்தப் பதிலுக்குப் பிறகு கேட்பதற்கு எதுவுமே இல்லை.